தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது?

(மலேசியாவின் பகாவ் நகரில் பெற்றோரும் மாணவரும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



போன மாதம் நம் பகாவ் கடைத்தெருவில் ஓர் அம்மா என்னை நிறுத்தினார். முப்பது வருடம் ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர். இப்போது தாமான் குடியிருப்பில் மகன் வீட்டில் இருக்கிறார். "சார், பேரன் ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் கம்ப்யூட்டர்ல சாக்கடை கட்டறான். சுடுறது, பந்து அடிக்கிறதுன்னா வெளையாட்டுன்னு விட்டுடலாம். இது வேலை மாதிரி இருக்கே? சம்பளம் இல்லாத வேலைய யாராச்சும் ஆசைப்பட்டுச் செய்வாங்களா?" என்று கேட்டார்.

தெருவில் நின்று சொல்லிவிடக்கூடிய பதில் என்னிடம் இல்லை. நகரம் கட்டும் கணினி விளையாட்டுகளை நான் இருபத்தைந்து வருடங்களுக்கு மேலாக ஆடி வருகிறேன். அவற்றைப் பற்றி எத்தனையோ கட்டுரைகள் படித்திருக்கிறேன். அந்த அம்மா கேட்டதுபோல் நேராகக் கேட்டவர் எவரையும் பார்த்ததில்லை. இன்றைய பேச்சு அவருக்கான பதில். மூன்றாவது வரிசையில் அவர் உட்கார்ந்திருக்கிறார். பேரனையும் அழைத்து வந்திருக்கிறார்.

முதலில் அந்தச் சாக்கடையைப் பார்ப்போம். தம்பி ஆடுவது சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ். பின்லாந்தில் தம்பேரே என்னும் ஊரில் பத்துப் பதின்மூன்று பேரே இருந்த கொலோசல் ஆர்டர் என்ற நிறுவனம் அதைச் செய்தது. 2015 மார்ச் மாதம் வெளிவந்தது. ஆட்டம் தொடங்கும்போது திரையில் வெற்று நிலம், ஓர் ஆறு, நெடுஞ்சாலையின் ஒரு நுனி, அவ்வளவுதான். சாலை போட்டு, எங்கே வீடு, எங்கே கடை, எங்கே தொழிற்சாலை என்று நீங்கள் குறிக்க வேண்டும். ஆற்றில் குடிநீருக்கு ஒரு பம்பு வைக்க வேண்டும். கழிவுநீரை வெளியேற்ற ஒரு குழாயும் வேண்டும்.

புதிதாக ஆடுகிறவர் இரண்டையும் பக்கம் பக்கமாக வைத்துவிடுவார். வைத்த உடனே எதுவும் நடக்காது. வீடுகள் எழும்பும், ஆட்கள் குடிவருவார்கள், வரிப்பணம் சேரும். கொஞ்ச நேரம் கழித்து ஒரு வீட்டின் மேல் நோய்க்குறி முளைக்கும். பிறகு பத்து வீட்டில், பிறகு தெரு முழுக்க. உடனே மருத்துவமனை கட்டுவார். நோய் குறையாது. இன்னொரு மருத்துவமனை கட்டுவார். கையிருப்பு கரையும். சனங்கள் மூட்டை கட்டத் தொடங்குவார்கள். அப்போதுதான் அவர் ஆற்றை உற்றுப் பார்ப்பார். கழிவுக் குழாய் மேலே இருக்கிறது, குடிநீர்ப் பம்பு கீழே இருக்கிறது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று கட்டும்போது அவர் பார்க்கவில்லை.

நான் வளர்ந்தது இந்த வட்டாரத்துத் தோட்டமொன்றின் லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில். பின்னால் ஓடை. ஓடைக்கு மேட்டில் இன்னொரு லயத்தின் கக்கூசு வரிசை. பைப்பில் தண்ணீர் வராத நாளில் அம்மா ஓடையில்தான் மொண்டு வருவார். எங்களுக்கு அடிக்கடி வயிறு போகும். தோட்டத்து மருந்தகத்து டிரெசர் வெள்ளை மருந்து கொடுப்பார். அது கேட்காவிட்டால் வேறு மருந்து வரும். மருந்துகள் மாறினவே தவிர, கக்கூசு நின்ற இடத்திலேயே நின்றது. நாற்பது வயதைக் கடந்த பிறகு, ஓர் இரவு, திரையில் என் சின்ன நகரத்தின் ஆறு பழுப்பாகிக் கீழே ஓடியதைப் பார்த்தபோது அந்த ஓடை எனக்கு நினைவு வந்தது. வெகு நேரம் ஆட்டத்தை நிறுத்தி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். சின்ன வயதில் எங்களுக்கு என்ன நடந்தது என்பது அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது.

அம்மா, உங்கள் கேள்விக்கு என் பதிலின் முதல் பாதி இது. வேலை செய்த காலத்தில் நமக்குக் காட்டப்பட்டது ஒரு நிரை மரங்கள். அந்த நிரையில் எத்தனை மரம், எந்த மரத்தில் பட்டை காய்ந்திருக்கிறது, பால் வடியும் எந்த மங்கு உடைந்திருக்கிறது என்பதெல்லாம் உங்களுக்கு மனப்பாடம். ஆனால் தோட்டம் முழுவதும் எப்படி ஓடுகிறது என்கிற வரைபடம் ஆபீஸ் சுவரில் தொங்கியது. அந்த அறைக்குள் நாம் போனது சம்பளப் பிரச்சினைக்கோ திட்டு வாங்கவோதான். உங்கள் பேரன் இப்போது அந்த வரைபடத்தின் முன்னால் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்கு அது வேலையாகத் தெரியவில்லை. ஏன் இப்படி நடக்கிறது என்று முழுவதையும் பார்க்கக் கிடைத்திருக்கிறதே, அந்தச் சந்தோஷம்தான் அவனைத் தூங்கவிடாமல் வைத்திருக்கிறது.

இந்த விளையாட்டு வகை வந்த கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். 1964இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் மேபல் ஆடிஸ் என்ற தொடக்கப்பள்ளி ஆசிரியை ஒருவர் 'சுமேரியன் கேம்' என்ற ஆட்டத்தை எழுதினார். ஐ.பி.எம். கணினியோடு இணைத்த தட்டச்சுப் பொறியின் முன் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்து, லகாஷ் என்ற பழைய நகரத்தின் அரசராக முடிவெடுப்பார்கள். இந்த அறுவடையில் எவ்வளவு தானியத்தைச் சனங்களுக்குக் கொடுப்பது, எவ்வளவு விதைப்பது, எவ்வளவு சேமிப்பது? பொறி அச்சிட்டது எண்களும் எழுத்துகளும்தான். நகராட்சி விளையாட்டுகளுக்கெல்லாம் மூத்தது ஓர் ஆசிரியை பிள்ளைகளுக்காக எழுதியது என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.

பிறகு 1989இல் வில் ரைட் செய்த சிம்சிட்டி வந்தது. அவர் அதற்கு முன்னால் ஹெலிகாப்டரில் பறந்து தீவுகளைக் குண்டுபோட்டு அழிக்கும் ஆட்டமொன்றைச் செய்தவர். அந்தத் தீவுகளை வரைவதற்காகத் தனக்கென்று ஒரு கருவி செய்துகொண்டார். குண்டு போடுவதைக் காட்டிலும் தீவில் சாலையும் கட்டடமும் வைப்பதுதான் தனக்குப் பிடிக்கிறது என்று கண்டார். சிம்சிட்டி பிறந்தது அங்கே. அதில் வெற்றி என்று ஒன்று கிடையாது, முடிவும் கிடையாது. வெற்றி தோல்வி இல்லாததை யார் வாங்குவார்கள் என்று வெளியீட்டாளர்கள் தயங்கினார்கள். ஆனால் சனங்கள் வாங்கினார்கள். நான் தொண்ணூறுகளின் நடுவில், கோலாலம்பூரில் வேலைக்குச் சேர்ந்த புதிதில், 1993இல் வந்த சிம்சிட்டி 2000ஐ ஒரு பழைய கணினியில் ஆடினேன். வாடகை அறையில் ஒரு மேசைவிசிறி, ஒரு கோப்பை கோப்பி, விடியும்வரை மின்கம்பி இழுத்துக்கொண்டிருப்பேன்.

வெற்றி இல்லாத ஆட்டம் நமக்குப் புதிதில்லை. தமிழில் சிற்றில் என்ற சொல் இருக்கிறது. சிறுமிகள் மணலில் கட்டும் சின்ன வீடு. ஆண்பால் பிள்ளைத்தமிழில் சிற்றில் சிதைத்தல் என்று ஒரு பருவமே உண்டு. தெருவில் வரும் குட்டிப் பையனிடம், நாங்கள் பாடுபட்டுக் கட்டிய மணல் வீட்டைக் காலால் எத்திவிடாதே என்று சிறுமிகள் கெஞ்சுவது அந்தப் பருவம். ஆண்டாள் அதை ஒரு திருமொழியாகவே பாடியிருக்கிறாள். கட்டுவதே ஆட்டம், கட்டியதைக் காப்பதே பதைபதைப்பு என்பதை நம் மொழி எப்போதோ அறிந்திருக்கிறது.

ஆனால் மணல் வீடு எளிது. நான் பேச வந்தது கடினமான விளையாட்டுகளைப் பற்றி. எளிய நகர விளையாட்டுகளும் நிறைய இருக்கின்றன. வைத்த கட்டடம் உடனே பூத்துவிடும், எதுவும் தவறாது. அவை பத்து நாளில் அலுத்துவிடும். ஆளைப் பிடித்து வைப்பவை, பொறுமையைக் கேட்பவை, தப்பு செய்தால் ஒரு மணி நேரம் கழித்துக் கணக்குக் கேட்பவை. டுவார்ஃப் ஃபோர்ட்ரெஸ் என்று ஒன்று, தார்ன் ஆடம்ஸ், சாக் ஆடம்ஸ் என்ற அண்ணன் தம்பி 2006இல் முதலில் வெளியிட்டு இன்றும் செதுக்கிக்கொண்டிருப்பது. அதில் ஜெயிப்பது என்பதே கிடையாது, ஆடுகிறவர் பெரும்பாலும் தோற்றுத்தான் முடிப்பார். தோற்பதும் சுகம்தான் என்பது அதை ஆடுவோர் தங்களுக்குள் சொல்லிக்கொள்வது. நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் முதன்முதலாக விளையாட்டுகளைத் தன் சேகரிப்பில் சேர்த்தபோது எடுத்த பதினான்கில் இதுவும் சிம்சிட்டி 2000உம் இருந்தன.

1998இல் வந்த சீசர் 3 என்ற ஆட்டத்தை நான் மறக்க மாட்டேன். ரோமாபுரிக் காலத்து நகரம். அதில் ஒரு கூடைக்காரப் பெண் வருவாள். நீங்கள் சந்தை கட்டினால் போதாது. சந்தையிலிருந்து ஒரு பெண் புறப்பட்டுக் களஞ்சியத்துக்குப் போய்த் தானியம் வாங்கி வர வேண்டும். பிறகு இன்னொரு பெண் தெருத் தெருவாக நடக்க வேண்டும். அவள் கடந்து போகும் வீட்டுக்குத்தான் சாப்பாடு. முச்சந்தியில் அவள் வலப்பக்கம் திரும்பிவிட்டால் இடப்பக்கத் தெரு பட்டினி. கூடாரம் குடிசையாகி, குடிசை நல்ல வீடாகி மேலேறிய தெரு, அவள் நாலு நாள் வராததால் மறுபடி கீழே இறங்கிவிடும். ஊரே அவள் காலில் நிற்கிறது. அந்தச் சின்ன உருவம் முச்சந்தியில் நிற்கும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்திருக்கிறேன்.

லயத்தில் வளர்ந்தவர்களுக்கு இது தெரிந்த வாழ்க்கை. விடிகாலையில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு அம்மா போக வேண்டுமென்றால் அதற்கு முன் ஆயாக் கொட்டகை திறந்திருக்க வேண்டும். ஆயாவுக்குக் காய்ச்சல் என்றால் கைக்குழந்தைக்காரி வேலைக்குப் போக முடியாது. அவள் நிரையில் மரம் வெட்டப்படாது. வெட்டிய பால் உறைவதற்குள் பால் கொட்டாய்க்குச் சேர வேண்டும். காலையில் மழை பிடித்தால் அன்றைக்கு வெட்டே இல்லை, சம்பளமும் குறையும், சாமான் கடையில் கடன் ஏறும். ஓர் ஆயாவின் காய்ச்சல் கடைக்காரர் நோட்டுவரை போகிறது. ஒன்றைத் தொட்டால் ஏழு அசையும் என்பதை அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் ஒரு துறையாக வைத்திருக்கிறார்கள். நம் அம்மாக்கள் அதை இடுப்பில் குழந்தையோடு படித்தார்கள்.

இன்னொன்று சொல்ல வேண்டும், ஏனென்றால் இது என் மனத்தை மிகவும் பாதித்தது. பேனிஷ்ட் என்று 2014இல் வந்த ஆட்டம். ஒரே மனிதர், லூக் ஹோடோரோவிச், தனியாகச் செய்தது. ஊரைவிட்டுத் துரத்தப்பட்ட சில குடும்பங்கள் காட்டோரம் ஒரு கிராமம் அமைக்கின்றன. விறகு, உணவு, துணி, கருவி. நான் ஆர்வத்தில் ஒரே வசந்தத்தில் இருபது வீடு கட்டினேன். இருபது இளம் தம்பதிகள் குடியேறினார்கள். பிள்ளைகள் பிறந்தார்கள், பள்ளிக்கூடம் நிறைந்தது, எனக்குப் பெருமை. பிறகு வீடு கட்டவில்லை. அந்த ஆட்டத்தில் புது வீடு இருந்தால்தான் வளர்ந்த பிள்ளைகள் தனிக்குடித்தனம் போவார்கள், பேரப்பிள்ளைகள் பிறப்பார்கள். நான் அதைக் கவனிக்கவில்லை. இருபது தம்பதிகளும் ஒரே நேரத்தில் கிழவர் கிழவி ஆனார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளை இல்லை. பிறகு ஒரே நேரத்தில் சாவு. வயலில் நிற்க ஆளில்லை, மிஞ்சியவர்களுக்குப் பசி. எந்த எதிரியும் வரவில்லை, வெள்ளமும் வரவில்லை. ஊர் தானாக அவிந்தது.

நாமும் இதைப் பார்த்தவர்கள்தான். கெட்டிஸ், ஜெராம் பாடாங், கெல்பின் என்று இந்தப் பக்கத்துத் தோட்டங்களின் பெயர்களைச் சொன்னால், இங்கே பாதிப் பேருக்கு ஒரு பள்ளிக்கூடமும் ஒரு மாரியம்மன் கோயிலும் ஞாபகத்துக்கு வரும். கித்தா என்னும் ரப்பர் மரம் போய்ச் செம்பனை வந்தது. செம்பனைக்கு அத்தனை கை தேவையில்லை. பிள்ளைகளுக்கு லயத்தில் வீடு இல்லை, தனி வீடு வேண்டுமென்றால் பட்டணம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் மாணவர் எண்ணிக்கை குறைந்தால் பெற்றோர் அக்கறை போதவில்லை என்கிறோம். கொஞ்சம் உண்மைதான். ஆனால் இளம் தம்பதி குடியிருக்க வீடில்லாத இடத்தில் முதல் வகுப்புக்குப் பிள்ளை எங்கிருந்து வரும்? வீட்டுக்கும் பள்ளிக்கும் இடையில் இருபது வருட இடைவெளியில் ஒரு நூல் ஓடுகிறது. அதை எனக்குக் கண்முன் காட்டியது அந்த ஆட்டம்.

இப்படி நூல் பிடித்துப் பார்க்கும் பழக்கத்தோடு நம் பகாவைப் பாருங்கள். இந்த ஊர் ஏன் இங்கே இருக்கிறது? பக்கத்தில் பெனாரிக்கான் என்ற பழைய படகுவழி இருக்கிறது. ஜெம்போல் ஆறு மூவார் ஆற்றில் சேர்ந்து மேற்கே மலாக்கா நீரிணைக்குப் போகிறது. செர்த்திங் ஆற்றின் தண்ணீர் பகாங் ஆற்றோடு கிழக்கே போகிறது. இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நிலம். அந்தக் காலத்தில் அந்த நிலத்தில் படகை இழுத்துப்போட்டு ஒரு கடலிலிருந்து இன்னொரு கடலுக்குப் போனார்கள். இழுப்பது என்ற மலாய்ச் சொல்லிலிருந்துதான் பெனாரிக்கான் என்ற பெயர் வந்தது. பிறகு 1910 ஏப்ரலில் கிம்மாஸிலிருந்து பகாவ்வரை ரயில் வந்தது. கிழக்குக் கரை ரயில்பாதையின் முதல் துண்டு அதுதான். ரயிலை ஒட்டிக் கித்தாத் தோட்டங்கள், தோட்டங்களை ஒட்டிக் கடைகள். 1956இல் தொடங்கிய பெல்டா என்ற அரசு நிலக் குடியேற்ற அமைப்பு பின்னாளில் செர்த்திங், பாலோங் பக்கம் குடியேற்றங்கள் அமைத்தபோது பகாவ் கடைத்தெரு இன்னும் பெருத்தது. ஆறு, ரயில், மரம், ஆள் என்ற வரிசையில் ஊர் எழுந்தது. ஆடிப் பழகிய கண்ணுக்கு இது பளிச்சென்று தெரியும்.

அதே பகாவில் இந்த வரிசையைப் பார்க்காமல் ஓர் ஊர் கட்டப்பட்டது. அதைச் சொல்லாமல் இந்த மேடையை விட்டு நான் இறங்க முடியாது.

1943. சிங்கப்பூர் ஜப்பானியர் கையில். சியோனான் என்று பெயர் மாற்றியிருந்தார்கள். தீவில் சோற்றுக்குப் பஞ்சம். ஆட்களை வெளியேற்றித் தாங்களே பயிர் செய்து சாப்பிடும் குடியேற்றங்கள் அமைக்கலாம் என்று நிர்வாகம் முடிவெடுத்தது. மாமோரு ஷினோசாகி என்ற அதிகாரி முன்நின்றார். சீனர்களுக்கு ஜோகூரின் எண்டாவ் பகுதி. கத்தோலிக்கர்களுக்கு, பெரும்பாலும் யூரேசியர்களுக்கும் சீனக் கத்தோலிக்கர்களுக்கும், பகாவ். பூஜி கிராமம் என்று பெயர் வைத்தார்கள். பிஷப் ஏட்ரியன் டெவால்ஸ் தம் மக்களை அழைத்து வந்தார். 1943 டிசம்பரிலிருந்து ரயிலில் குடும்பங்கள் வந்து இறங்கின. குமாஸ்தாக்கள், ஆசிரியர்கள், கன்னியாஸ்திரீகள், பாதிரியார்கள், குழந்தைகள். பெரும்பாலோர் மண்வெட்டியைப் பிடித்தறியாதவர்கள்.

வரைபடத்தில் அது நல்ல திட்டமாக இருந்திருக்கும். நிலம் இருக்கிறது, ரயில் இருக்கிறது, ஆள் இருக்கிறது. ஆனால் மண்ணில் வளம் இல்லை. பாசன வசதி இல்லை. குன்றும் பள்ளமுமான இடம், மலேரியாக் கொசு நிறைந்த இடம், கொயினா கிடைக்காத காலம். காட்டை வெட்டினார்கள், குடிசை போட்டார்கள், மரவள்ளி நட்டார்கள். காய்ச்சல் வந்தது. காய்ச்சலில் படுத்தவன் வெட்ட முடியாது, வெட்டாத நிலத்தில் விளையாது, விளையாததால் பசி, பசித்த உடம்பில் மறுபடி காய்ச்சல். நூற்றுக்கணக்கானோர் இங்கே மாண்டார்கள். பிஷப் டெவால்ஸ் தாமும் அவர்களோடு மண்ணில் வேலை செய்தார். காலில் பட்ட காயம் முற்றி 1945 ஜனவரியில் சிரம்பானில் காலமானார். போர் முடிந்ததும் மிஞ்சியவர்கள் சிங்கப்பூர் திரும்பினார்கள். எண்டாவ் இதைவிடத் தாக்குப்பிடித்தது. ஒரே நிர்வாகம், ஒரே யோசனை, ஆனால் வேறு மண்.

அதே ஜப்பானியர் காலத்தில் நம் தோட்டங்களிலிருந்து தமிழர்களை லாரியிலும் ரயிலிலும் ஏற்றி சயாம் மரண ரயில் பாதைக்குக் கொண்டுபோனார்கள் என்பதும் இங்கே பல குடும்பங்கள் அறிந்தது. 415 கிலோமீட்டர் பாதை. அதுவும் வரைபடத்தில் ஒரு கோடுதான்.

எனக்கு ஆற்றாமை என்னவென்றால், பூஜி கிராமத்தைக் கொன்ற அறிவின்மைக்கு விடை இந்த நாட்டிலேயே முப்பது ஆண்டுகளுக்கு முன் எழுதிவைக்கப்பட்டிருந்தது. மால்கம் வாட்சன் என்ற மருத்துவர் 1901 முதல் கிள்ளானில் மலேரியாவோடு போராடியவர். தாழ்ந்த நிலத்தில் காட்டை வெட்டிச் சதுப்பை வடித்தார். காய்ச்சல் இறங்கியது. அதே முறையைக் குன்றுப் பகுதித் தோட்டங்களில் செய்தபோது காய்ச்சல் ஏறியது. காரணத்தைத் தேடினார். தாழ்நிலத்துக் கொசு நிழல்நீரில் வளர்வது. குன்றுப் பகுதியில் வேறு கொசு. அது வெயில்படும் தெளிந்த ஓடையில் முட்டையிடுவது. காட்டை வெட்டியதால் ஓடைக்கு வெயில் வந்தது, கொசுவுக்கு வீடு கிடைத்தது. ஆகவே அங்கே ஓடையைக் குழாய்க்குள் இறக்கி மண்ணுக்கடியில் ஓடவிட வேண்டும். 1911இல் இதையெல்லாம் புத்தகமாகவே போட்டார். ஒரே செயல், ஓரிடத்தில் மருந்து, ஓரிடத்தில் நஞ்சு. கடினமான விளையாட்டுகள் திரும்பத் திரும்பக் கற்பிப்பது இதைத்தான். போன நகரத்தில் பலித்தது இந்த நகரத்தில் பலிக்காது. நிலத்தைக் கேட்காமல் கட்டாதே.

இதுவரை நான் இந்த விளையாட்டுகளை மெச்சியே பேசினேன். ஆனால் இவற்றில் ஓர் ஆபத்து இருக்கிறது, தம்பி தங்கைகள் அதையும் கேட்க வேண்டும்.

வின்சென்ட் ஒகாஸ்லா என்ற பிலிப்பைன்ஸ் கட்டடக்கலை மாணவர் சிம்சிட்டி 3000இல் நாலு வருடம் கணக்குப் போட்டு 2010இல் ஒரு நகரத்தை வெளியிட்டார். மாக்னசாந்தி என்று பெயர். 60 லட்சம் பேர். அந்த ஆட்டம் தாங்கக்கூடிய உச்சம் அதுதான் என்பது அவர் கணக்கு. சாலை இல்லை, சுரங்க ரயில் மட்டும். வேலை நடை தூரத்தில், ஆகவே எவரும் எங்கும் போகத் தேவையில்லை. ஒரே அச்சில் வார்த்த கட்டங்கள். காற்று கெட்டது, எவரும் ஐம்பது வயதைத் தாண்டுவதில்லை, காவல் எங்கும் இருக்கிறது, கலகம் மட்டும் இல்லை. அளவுகோலை மட்டும் துரத்தினால் என்ன கிடைக்கும் என்று காட்டத்தான் அவர் அதைச் செய்தார். அந்தப் படத்தை முதலில் பார்த்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஒரே மாதிரி வரிசை வீடு. வேலை நடை தூரத்தில். பள்ளி, கடை, கோயில், கள்ளுக்கடை எல்லாம் வேலிக்குள். எங்கும் போகத் தேவையில்லை. அது லயம்! நூறு வருடத்துக்கு முன்னால் நம்மை வைத்து ஆடிய ஆட்டம்.

தோட்டம் ஒரு திட்டமிட்ட ஊர். அதைத் திட்டமிட்டவர்களின் அளவுகோல் ஏக்கருக்கு எத்தனை ராத்தல் ரப்பர் என்பது. அந்த அளவுகோலில் அது வெற்றிபெற்ற ஊர். திட்டம் மாறியபோது ஊரையும் எடுத்துவிட்டார்கள். நம் நாட்டின் நிர்வாகத் தலைநகர் புத்ராஜெயா இருக்கும் இடத்தில் முன்னர் பிராங் பெசார் தோட்டம் இருந்தது. 1995இல் கட்டுமானம் தொடங்கியது. அங்கிருந்த தமிழ்க் குடும்பங்களும் பக்கத்துத் தோட்டத்துக் குடும்பங்களும் டெங்கிலில் அடுக்குமாடி வீடுகளுக்குப் போனார்கள். புத்ராஜெயா அழகான நகரம், நானும் போய் ஏரிக்கரையில் நடந்திருக்கிறேன். ஆனால் சிம்சிட்டியில் புல்டோசர் படத்தை அழுத்தி ஒரு தெருவை அழிக்கும்போது, என் விரல் கொஞ்சம் நின்றுதான் அழுத்துகிறது. சிற்றில் சிதையேல் என்று கெஞ்சும் குரல் அந்த ஆட்டத்துக்குள் எழுதப்படவில்லை. கட்டடம் நொறுங்கும் ஓசை மட்டும் இருக்கிறது.

விளையாட்டுக்குள் எது இருக்கிறது, எது இல்லை என்பதை யாரோ ஒருவர் முடிவு செய்கிறார். சிம்சிட்டிக்குப் பின்னால் ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளரின் 1969ஆம் ஆண்டுப் புத்தகம் இருக்கிறது. நகரத்தைச் சமன்பாடுகளாக எழுதியவர். ஏழைகளுக்கு மலிவு வீடு கட்டினால் நகரம் இன்னும் கெடும் என்று அவருடைய கணக்கு சொன்னது. பலர் அதை மறுத்தார்கள். கணக்கு தப்பில்லாமல் ஓடியிருக்கலாம், ஆனால் அதில் எதைச் சேர்ப்பது என்பது ஃபாரஸ்டருடைய கருத்து. இன்னொரு சின்ன உதாரணம்: 2013இன் சிம்சிட்டியைச் செய்தவர்கள் உண்மை நகரங்களின் கார் நிறுத்துமிடங்களை அளந்து பார்த்தார்கள். அப்படியே போட்டால் நகரம் முழுக்க வெறும் தார்த் தளமாகத் தெரிந்தது. ஆகவே பெரும்பாலானவை மண்ணுக்கடியில் இருப்பதாக வைத்துக்கொண்டு, திரையில் கொஞ்சம் மட்டுமே காட்டினார்கள். அந்த நகரத்தைப் பார்த்துவிட்டு, காருக்கு இவ்வளவு இடம் போதும் போலும் என்று ஒரு பிள்ளை நினைக்கக்கூடும்.

இப்படி ஒளிக்காமல் கணக்குக் கேட்பதில் எனக்கு மதிப்புக்குரியது, ஸ்லோவாக்கியாவில் செய்த 'ஒர்க்கர்ஸ் அண்ட் ரிசோர்சஸ்: சோவியத் ரிபப்ளிக்'. 2019இல் பாதி நிலையில் வந்து 2024இல் முழுமையடைந்தது. அதன் கடினமான முறையில் ஒரு வீடு கட்ட வேண்டுமென்றால் சரளைக்கல் எங்கிருந்து வரும், எந்த லாரி ஏற்றும், அந்த லாரிக்கு எண்ணெய் எங்கே என்றெல்லாம் நீங்கள் பார்க்க வேண்டும். தொழிலாளி தன் கால் போகும் தூரத்துக்குத்தான் நடப்பான். அதற்குள் பேருந்து நிறுத்தம் இல்லையென்றால் வேலைக்கு வரமாட்டான். குளிர்காலத்தில் வெப்பக்குழாய் போகாத வீட்டில் ஆள் இறப்பான். முதல் மருத்துவமனையைத் திறக்க எனக்கு இருபது மணி நேரம் ஆனது. அது திறந்த இரவு, முதல் பேருந்து வந்து நின்று நாலு பேர் இறங்கி உள்ளே போனார்கள். என் மனைவி எழுந்து வந்து ஏன் கண் கலங்கியிருக்கிறது என்று கேட்டாள். அந்த நாலு பேர் நடந்த ஒவ்வோர் அடிக்கும் நான் கல் சுமந்திருந்தேன்.

அம்மா, பதிலின் மற்றப் பாதி இதுதான். சுலபமாகக் கிடைத்த ஊரின்மேல் பாசம் வராது. கஷ்டப்பட்டு நிறுத்திய ஊரில் ஒரு விளக்கு அணைந்தால்கூட மனம் பதறும். உங்கள் பேரன் நள்ளிரவைத் தாண்டி உட்கார்ந்திருப்பது அந்தப் பதற்றத்தால். அவனை இரண்டு மணிக்கு முன் தூங்கச் சொல்லுங்கள், அது நியாயம்தான். ஆனால் ஒருநாள் நாற்காலியை அவன் பக்கத்தில் போட்டு உட்காருங்கள்.

நேற்று மாலை அந்தத் தம்பி தன் நகரத்தை என்னிடம் காட்டினான். இந்தப் பேச்சு முடிந்ததும் உங்களுக்கும் திரையில் காட்டுவான். ஒரு லட்சம் பேர் இருக்கிறார்கள். தெருக்களுக்குத் தோட்டத்துப் பெயர்களை வைத்திருக்கிறான். ஆற்று வளைவில், எவரும் முதலில் கட்டக்கூடிய அருமையான சமதளத்தில், ஒன்றுமே இல்லை, வெறும் மரங்கள். ஏன் தம்பி இங்கே விட்டுவிட்டாய் என்று கேட்டேன். பாட்டி ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, பள்ளத்தில் லயம் போட்டால் மழைக்காலத்தில் பாம்பும் தண்ணியும் ஒண்ணா வீட்டுக்குள்ள வரும், ஆத்துக்கு அந்த இடத்த விட்டுடு என்றாராம். அவன் அங்கே போட்டிருந்த இரண்டு தெருவையும் எடுத்து மேட்டில் வைத்துவிட்டான். குடிநீர்ப் பம்பு எங்கே என்று தேடினேன். கழிவுக் குழாய்க்கு வெகு தூரம் மேலே, ஊரின் தலைமாட்டில் இருந்தது.